கிளைவுக்கு முந்திய வீடு

கடலூர் மஞ்சக்குப்பத்தின் கார்டன் ஹவுசை ‘கிளைவ் பங்களா’ என்பது பாதிச் சரி. ராபர்ட் கிளைவ் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டைக்குத் துணை ஆளுநராக வந்தது 1756இல். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தோட்ட வீடு அதற்கு முன்பே இங்கே இருந்தது. 1746 டிசம்பரில் பிரெஞ்சுப் படை அதன் மதில் சூழ்ந்த தோட்டத்தைப் பிடித்து, ஆயுதங்களை இறக்கிவைத்து இளைப்பாறியது. ஆங்கிலேயருக்குத் துணையாக ஆற்காடு நவாபின் குதிரைப்படை வந்ததும் அலறியடித்துப் பெண்ணையாற்றைக் கடந்து புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்துக்கு ஓடியது. பின்னாளில் இந்த வீடு கலெக்டர் குடியிருப்பாயிற்று. கிளைவைவிடக் கவனத்துக்குரியது கூரைதான். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கும் மெட்ராஸ் டெரஸ் முறை இங்கே இல்லை. மரமும் இல்லை, இரும்பும் இல்லை. செங்கல்லும் நீற்றுச் சுண்ணாம்பும் மட்டுமே கூரையின் பாரத்தைத் தாங்குகின்றன.