அட்டவணைக்குள் மான் இல்லை

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப நடந்தது. ராத்திரி ரெண்டு மணி. மலையடிவார ஊர்ல இருந்து ஒருத்தரைக் கேஷுவாலிட்டிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. காட்டுப்பன்றின்னு நினைச்சு யாரோ நாட்டுத் துப்பாக்கியால சுட்டது இவர் தொடையில பட்டிருக்கு. மிளகு சைஸ்ல நாலஞ்சு ஓட்டை, அவ்வளவுதான். ரத்தம் நின்னுடுச்சு, பிபி நார்மல். நான் "சிறு காயம்"னு எழுதப் பேனாவை எடுத்துட்டேன். சீனியர் வந்தார். ஓட்டையைப் பார்க்கவே இல்லை, நேரா பாதத்தைத் தொட்டார். சில்லுனு இருந்தது, நாடி இல்லை. ஒரே ஒரு ஈயக் குண்டு தொடையின் பெரிய ரத்தக்குழாயைக் கிழிச்சிருந்தது.

அன்னையிலிருந்து துப்பாக்கிக் காயம் பற்றிக் கிடைச்சதையெல்லாம் படிப்பேன். அப்படிப் படிச்சுப் போய்ச் சேர்ந்த இடம்தான் அமெரிக்க மான் வேட்டை. அங்கே லைசென்ஸ் வாங்கி, சீசன்ல சட்டப்படியே வேட்டையாடறாங்க. எந்தத் தோட்டா, எங்கே பட்டுச்சு, மான் எவ்வளவு தூரம் ஓடுச்சுன்னு குறிப்பும் எடுத்து வைக்கிறாங்க. (நம்ம நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். அதனால இதைப் படிச்சுட்டு யாரும் ஐடியா எதுவும் எடுத்துக்காதீங்க.)

தோட்டா விற்கிற கம்பெனிகள் ஒரு அட்டவணை போடுவாங்க. குண்டின் எடை, வேகம், ஒவ்வொரு தூரத்துக்கும் எவ்வளவு ஆற்றல் மிச்சம். 1895-ல் வந்த .30-30 வின்செஸ்டரின் 170 கிரெயின் குண்டு குழாயை விட்டு வெளியேறும்போது சுமார் 1,830 அடி-பவுண்டு. 1963-ல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னத்தின் 180 கிரெயின் குண்டு சுமார் 3,500. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்போ மானும் இரண்டு மடங்கு வேகமா விழணும்தானே?

விழாது. தென் கரோலினா மாநிலத்தின் இயற்கை வளத்துறை ஒரு வேட்டை கிளப்பின் கணக்கை எடுத்து அலசியிருக்கு. 603 முறை சுட்டதில் 493 மான். சுட்ட தூரம் சராசரியா 132 கஜம். பாதிக்குப் பாதி மான்கள் நின்ற இடத்திலேயே விழுந்தன, மீதி ஓடி விழுந்தன. சின்னத் தோட்டா, பெரிய தோட்டான்னு பிரிச்சுப் பார்த்தும் ஓடிய தூரத்தில் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்லை. பெரிய வித்தியாசம் வந்தது குண்டு பட்ட இடத்தில். தோள்பட்டையில் பட்டவை சராசரியா 3 கஜம், இதயத்தில் பட்டவை 39, நுரையீரலில் பட்டவை 50.

இதயத்தில் பட்டதை விடத் தோளில் பட்டது சீக்கிரம் விழுதா? முதல் தடவை படிச்சப்ப எனக்கும் நம்ப முடியலை. ஆனா உடலியல்படி யோசிச்சா சரியா பொருந்துது. இதயம் சிதறிப் போனாலும் மூளைக்கு ஏற்கனவே போய்ச் சேர்ந்த ரத்தத்தில் சில வினாடிக்கான ஆக்ஸிஜன் இருக்கும். பயந்த மான் அந்தச் சில வினாடியில் ஓடுற தூரம்தான் அந்த 39 கஜம். எத்தனை ஆயிரம் அடி-பவுண்டு கொட்டினாலும் அந்த நேரத்தைக் குறைக்க முடியாது. தோள் அப்படியில்லை. முன்னங்காலுக்குப் போகும் நரம்புக் கொத்து அங்கேதான் இருக்கு, முதுகுத்தண்டும் பக்கத்திலேயே. கரண்ட் கட் ஆன மாதிரி கால் மடங்கிடும்.

அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் 1980-களில் இதையெல்லாம் ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்த்தார். குண்டு நசுக்கிப் போகும் நிரந்தரக் குழி ஒண்ணு, சுற்றியுள்ள திசு ஒரு நொடி விரிஞ்சு சுருங்கும் தற்காலிகக் குழி ஒண்ணு. நுரையீரல் ஸ்பாஞ்ச் மாதிரி, விரிஞ்சாலும் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துடும். ஈரல் அப்படி விரியாது, வெடிச்சுப் பிளந்துடும். ஒரே குண்டு, ஒரே ஆற்றல், ஆனா ரெண்டு வேறு காயம். இதுக்கு அட்டவணையில் காலம் கிடையாது.

குண்டின் உருவத்துக்கும் கிடையாது. முழுக்கச் செம்புக் கவசம் போட்ட குண்டு, முனையில் ஈயம் தெரியும் குண்டு, ரெண்டுக்கும் எடையும் வேகமும் ஒண்ணுன்னா ஆற்றலும் ஒண்ணே. முதலாவது ஊசி மாதிரி துளைச்சு அந்தப் பக்கம் போயிடலாம், மிச்ச ஆற்றலை மரத்துக்குக் கொடுத்துட்டு. இரண்டாவது உள்ளே போய்க் காளான் மாதிரி விரியும். கல்கத்தா பக்கத்துல டம்டம் ஆயுதச் சாலையில் ஆங்கிலேயர்கள் 1890-களில் செய்தது இந்த இரண்டாவது வகையைத்தான். போரில் மனிதர் மேல் இதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 1899-ல் ஹேக்கில் பிரகடனமே போட்டாங்க. அதே விரியும் குண்டைத்தான் மானுக்குப் பயன்படுத்தணும்னு இன்னைக்கு அமெரிக்காவில் பல மாநிலங்கள் சட்டம் வச்சிருக்கு. கவசக் குண்டு துளைச்சுப் போனா மான் காயத்தோட காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் சாகும்னுதான்.

என்னோட கோபம் இங்கேதான். அட்டவணை பொய் சொல்லலை. 300 கஜத்தில் குண்டு எவ்வளவு கீழே இறங்கும்னு தெரிஞ்சுக்க அதை விட்டா வேற வழியில்லை. ஆனா அதில் உள்ள ஆற்றல் எண்ணைப் பார்த்து, "இவ்வளவு பவர் இருக்கே, எங்கே பட்டாலும் விழும்"னு நம்புறவன் ஆபத்தானவன். மேக்னத்தின் உதைக்குப் பயந்து ட்ரிகரை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கிறவங்க உண்டு. குண்டு வயிற்றில் படும். குடல் கிழிஞ்ச மான் அன்னைக்கு ராத்திரி முழுக்க என்ன பாடு படும்னு பெரிடோனைட்டிஸ் நோயாளியைப் பார்த்த எந்த டாக்டரையும் கேளுங்க. வலி தாங்காம முழங்காலை மடக்கி அசையாம படுத்திருப்பாங்க. மானுக்கு அந்தப் படுக்கையும் கிடையாது.

அட்டவணையில் இல்லாத இன்னொண்ணும் இருக்கு. வேகமான ஈயக் குண்டு உடைஞ்சு தூளாகும். 2009-ல் வெளியான ஒரு ஆய்வில் ரைஃபிளால் சுடப்பட்ட 30 மான்களை எக்ஸ்ரே எடுத்தாங்க. குடல் நீக்கின உடலிலேயே ஒவ்வொன்றிலும் சராசரியா 136 உலோகத் துணுக்குகள். கசாப்புக்காரர் பாக்கெட் போட்டுக் கொடுத்த அரைத்த கறியிலும் ஈயம் தெரிஞ்சது. அந்தக் கறியைப் பன்றிகளுக்குக் கொடுத்தப்ப அவற்றின் ரத்தத்தில் ஈயம் ஏறிச்சு. சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயத்தில் "பாதுகாப்பான அளவு"ன்னு ஒண்ணு கிடையாது. கலிஃபோர்னியா 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை பண்ணிடுச்சு. செம்புக் குண்டு விலை அதிகம்னு வேட்டைக்காரங்க புலம்பறாங்க. புலம்பட்டும்.

அந்தத் தொடைக் காயக்காரரை அன்னைக்கு ராத்திரியே மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம், ரத்தக்குழாயைத் தைச்சாங்க, கால் பிழைச்சது. ரெண்டு வருஷம் கழிச்சு ஓபி-யில் வந்து நின்னார். "சார், உள்ள இன்னும் மூணு குண்டு இருக்காமே, எடுக்க வேண்டாமா?" எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்தேன். தசைக்குள் ஆழமா இருந்தது, மூட்டுப் பக்கம் இல்லை. மூட்டுக்குள் இருந்தா அந்த நீரில் ஈயம் கரைஞ்சு ரத்தத்தில் ஏறும், எடுத்தே ஆகணும். தசைக்குள் இருக்கிறதைத் தோண்டினா தோண்டுற காயம்தான் பெரிசாகும். "இருக்கட்டும்ணே"ன்னேன். அவர் நம்பலை. அப்புறம் குனிஞ்சு அவர் பாதத்தில் நாடி பார்த்தேன். நல்லா துடிச்சுது.