கயாக்கும் கட்டுமரமும்

கயாக்கில் போய் மீன் பிடிக்கிற வீடியோக்கள் எங்க வகுப்பில் இப்போ ரொம்பப் பிரபலம். கலர் கலரா ஒரு பிளாஸ்டிக் ஓடம், அதில் ஒத்தை ஆள், பக்கத்தில் பாறைக்கரை, கையில் தூண்டில், பின்னால் கிடார் சத்தம். பார்த்து முடித்ததும் "மச்சி, ஒரு நாள் நாமளும் இப்படி ரிலாக்ஸா போகணும்டா" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். போகலாம், தப்பே இல்லை. ஆனா இது என்னமோ வெளிநாட்டுக்காரன் நேற்று கண்டுபிடித்த சமாச்சாரம் மாதிரி பேசும்போதுதான் எனக்கு எரிச்சல் வருது.

முதல்ல, கயாக்கே விளையாட்டுச் சாமான் கிடையாது. ஆர்க்டிக் பகுதி இனுவிட் மக்கள் சட்டத்தின் மேல் சீல் தோலைப் போர்த்திச் செய்த வேட்டை ஓடம் அது. அதில் போய்த்தான் அவர்களுக்குச் சாப்பாடு. நம்ம கட்டுமரமும் அப்படித்தான். கனம் குறைந்த மரத்தடிகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம். அலை மேலே ஏறினாலும் தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கிவிடும். மூழ்குவதற்கு அதில் உள்பக்கம் என்று ஒன்றே இல்லையே! இன்றைக்கு மீன் பிடிக்க விற்கிற கயாக்குகளில் பலவற்றில் மேலேதான் உட்கார வேண்டும். ஏறுகிற தண்ணீர் வடிய அடியில் ஓட்டை வைத்திருப்பார்கள். யோசனை ஒன்றேதான். வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயண நூலிலேயே கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கொடுமை என்னவென்றால், இன்று கூகிளில் 'கேட்டமரன்' என்று தேடினால் ரெட்டை உடம்புள்ள பணக்காரச் சொகுசுப் படகுதான் வருகிறது. பேர் நம்முடையது, படகு வேறு.

நான் கடற்கரைக்காரன் இல்லை. சொந்த ஊர் வீ.கே.புதூர். எங்களுக்குத் தண்ணீர் என்றால் சிற்றாறும் அனுமன் நதியும் குளமும்தான். மண்புழுவைக் குத்திக் கெண்டைக்குக் காத்திருப்போம், அவ்வளவுதான் நம்ம அனுபவம். கூடப் படிக்கிற ஒருவனுக்கு ஊர் முட்டம். நாகர்கோவிலிலிருந்து பஸ். 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்தார்களே, அதே பாறைகள். போன ஜனவரியில் அவன் சித்தப்பாவோடு கட்டுமரத்தில் போனேன்.

'ரிலாக்ஸ்' எப்போ தொடங்குது தெரியுமா? காலை நாலு மணிக்கு! விடியும் முன் கரைக்காற்று கடலைப் பார்த்து வீசும், அதோடு போகணும். வெயில் ஏறினால் கடல்காற்று கரையைப் பார்த்துத் திரும்பும், அதோடு வரணும். நேரம் தவறினால் துடுப்புப் போட்டே தோள் கழன்றுவிடும்.

மீன் பாறையை ஒட்டிக் கிடக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரோ பாறைப் பக்கமே போகவில்லை. "அங்கே அலை உடையுது மக்கா, ஒரு தட்டு தட்டினா மரமும் போச்சு, நீயும் போச்சு" என்றார். மீன் இருப்பது தண்ணீருக்கடியில் உள்ள 'பார்'களில். மேலே ஒரு அடையாளமும் கிடையாது. லைட்ஹவுஸையும் அதன் பின்னால் தெரியும் மலை உச்சியையும் ஒரே கோட்டில் வைத்தார். வேறு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்களை இன்னொரு கோட்டில் வைத்தார். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் தூண்டிலை இறக்கினார். கீழே பார்! ஜிபிஎஸ் இல்லை, பேப்பர் இல்லை. நீவாடு எந்தப் பக்கம் இழுக்குது என்று நூலைத் தொட்டே சொல்கிறார். களவா நாலு, பாரை ரெண்டு கிடைத்தது. எனக்குக் கிடைத்தது வாந்தி (சிரிக்காதீங்க). அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உண்மையிலேயே சுகம்தான், மறுக்கவில்லை. ஆனா அந்த சுகம் அவருடைய அறிவின் மேல் உட்கார்ந்து நான் அனுபவித்தது.

இந்த அறிவு குறைந்துகொண்டே வருகிறது. 1980-களிலேயே முட்டத்தில் பிளைவுட் வள்ளம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்ததும் பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான். இதைக் குறை சொல்ல நான் யார்? எஞ்சின் இருந்தால் உடம்பு நோகாது, தூரம் போகலாம். கட்டுமரத்தை மியூசியத்தில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை.

நான் சொல்வது வேறு. சுற்றுலா என்று நாளைக்கு இந்தக் கரையில் வாடகைக் கயாக் வந்தால், அதை நடத்துவது வெளியூர் ரிசார்ட்டாக இருக்கக் கூடாது. ஊர்க்காரர்கள் கையில் இருக்கணும். கூட வர ஒரு கடல்காரர், அவருக்கு ஒரு நாள் பாட்டுக்குக் குறையாத கூலி, எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட். "இன்னைக்குப் போக வேண்டாம்" என்று அவர் சொன்னால் அதுவே முடிவு, முன்பணம் கட்டிட்டோம் சார் என்று வாதாடக் கூடாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது, பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தவர்களே இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. யூடியூப் பார்த்துத் துடுப்புப் பிடிக்கிற நாம் எம்மாத்திரம்?

அப்புறம் எங்க தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு ஒன்று. ஜூன், ஜூலையில் செங்கோட்டைக் கணவாய் வழியா வந்து குற்றாலத்தில் சாரல் போடுகிறதே, அதே தென்மேற்குக் காற்றுதான் முட்டத்தில் கடலைப் புரட்டுகிறது. விசைப்படகுகளுக்கு மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடையும் உண்டு. சீசனுக்கு வந்தோமே, அப்படியே முட்டத்துக்கும் போய்க் கயாக் விடலாம் என்று யாராவது வண்டியைத் திருப்பினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அந்த ரெண்டு மாசமும் ஐந்தருவியிலேயே நிற்கட்டும். கயாக்குக்கு ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்.