பலியாடும் போக்காடும்

பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில் ஒரு நீதிமன்றக் கதை தவறாமல் வந்துவிடுகிறது. கோபம் கொண்ட நீதிபதி, குற்றவாளியை விட்டுவிட்டுக் குற்றமற்ற தன் மகனைத் தூக்குக்கு அனுப்புகிறார். சபை கண்கலங்கும். வாலிபர் கூடுகையில் மட்டும் யாராவது கேட்பார்கள்: இது நீதியா? நியாயமான கேள்விதான்.

அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் சபை 2013இல் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தைத் தொகுத்த குழுவும் இதே இடத்தில் இடறியது. கீத் கெட்டியும் ஸ்டூவர்ட் டவுனெண்டும் எழுதிய ‘இன் கிரைஸ்ட் அலோன்’ பாடலில், சிலுவையில் தேவகோபம் தீர்ந்ததாகச் சொல்லும் அடியை மாற்ற அனுமதி கேட்டார்கள். ஆசிரியர்கள் மறுத்தார்கள். 9க்கு 6 என்ற வாக்கில் பாடலே விடப்பட்டது.

கோபத்தை எடுத்துவிட்டால் சிலுவைக்குக் காரணம் சொல்வது கடினம். கோபத்தைப் பிதாவுக்கும் அன்பைக் குமாரனுக்கும் பங்குபோட்டாலோ திரித்துவமே உடைந்துபோகும். தமிழ்ப் பிரசங்க மேடைகளுக்கு இந்த இரண்டாவது ஆபத்துதான் அதிகம்.

சிலுவையை விளக்கிய இறையியலாளர்களான ஆன்செல்மையும் கால்வினையும் ஒரே மூச்சில் சொல்வது இன்னொரு பழக்கம். 1098இல் ‘கூர் தேயுஸ் ஹோமோ’ நூலை முடித்த ஆன்செல்முக்கு ஈடு வேறு, தண்டனை வேறு: தேவனுக்குரிய கனத்தை மனிதன் பறித்தான், ஈடு செய்ய வேண்டும், இல்லையேல் தண்டனை. கிறிஸ்து தந்தது ஈடு. சட்டம் படித்த கால்வினிடம்தான் தண்டனையை ஏற்பதே ஈடாகிறது.

வேதபகுதிக்கே போனால் கதை இன்னும் நுட்பமானது. லேவியராகமம் 16இல் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். ஒன்று கொல்லப்படுகிறது, அதன் இரத்தம் பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்திகரிக்கிறது. ஜனத்தின் பாவங்களை அறிக்கையிட்டுத் தலையில் சுமத்துவதோ மற்றதன்மேல். அந்தப் போக்காட்டை யாரும் வெட்டுவதில்லை. உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பாவத்தை ஏற்றிய ஆட்டையே வெட்டினார்கள் என்று மேடையில் சொல்லும்போது இரண்டு கடாக்களும் ஒன்றாகிவிடுகின்றன. சுமப்பதும் சாவதும் ஒரே ஆளிடம் சேர்வது ஏசாயா 53இன் தாசனிடம்தான். கிறிஸ்து நமக்குப் பதிலாக நின்றார் என்னும் பதிலாள் போதனைக்கு உறுதியான அஸ்திவாரம் அங்கே இருக்கிறது.

ஜான் ஸ்டாட் 1986இல் வெளியிட்ட ‘தி கிராஸ் ஆஃப் கிரைஸ்ட்’ நூலில், சிலுவையில் தண்டிக்கப்பட்டவர் மூன்றாம் நபர் அல்ல, கிறிஸ்துவுக்குள் தேவனே நம் இடத்தில் நின்றார் என்று வாதிடுகிறார். பதிலாள் போதனையை விட்டுவிட வேண்டியதில்லை. இப்படிச் சொன்னால் போதும்.

லெந்து நாட்களில் லேவியராகமம் 16ஐயும் ஏசாயா 53ஐயும் சபையாரோடு முழுவதும் வாசித்துவிட்டு, அதன் பிறகு பிரசங்கக் குறிப்பு எழுதும்படி ஆயர்களை இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது.