தகுதியை அளப்பது வருமான வரிக் கணக்கா?

2022இல் பஞ்சாப் அரசு தன் அட்வகேட் ஜெனரல் அலுவலகத்தில் பட்டியல் சாதி வழக்கறிஞர்களுக்கென 58 பணியிடங்களை ஒதுக்கியது. அந்த மாநிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியினர். இருந்தும் 15 இடங்கள் நிரம்பவில்லை. "இடம் கொடுத்தாலும் தகுதியான ஆள் கிடைப்பதில்லை, பார்த்தீர்களா?" என்று வழக்கமான கூட்டம் கிளம்பிவிடும். எந்தத் தகுதி? சட்டப் படிப்பா, வழக்காடிய அனுபவமா? இரண்டும் இல்லை. விண்ணப்பிப்பவருக்கு ஆண்டு வருமானம் இவ்வளவு இருக்க வேண்டும் என்றொரு நிபந்தனை. அதில்தான் கழித்துக் கட்டப்பட்டார்கள்.

ஒரு வழக்கறிஞருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? அப்பாவின் அலுவலகம், மாமனாரின் நூலகம், சொந்தசாதி முதலாளிகள் கொண்டுவந்து கொட்டும் வழக்குகள். என்னோடு விடுதியில் தங்கிப் படித்த நண்பர், ஊரில் முதல் வழக்கறிஞர். சீனியரிடம் மூன்றாண்டு கட்டுச் சுமந்தார். கிடைத்தது பேருந்துக் காசு. அவரைத் தேடி வருபவர்கள் வன்கொடுமை வழக்கில் புகாரே பதிவாகாதவர்கள். அவர்களிடம் என்ன ஃபீஸ் வாங்குவது? ஜூனியர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாயாவது கொடுங்கள் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. அந்த லட்சணத்தில் இருக்கிறது தொழில்.

2025 ஏப்ரலில் பஞ்சாப் அமைச்சரவை அந்த வருமான வரம்பைப் பட்டியல் சாதியினருக்குப் பாதியாகக் குறைத்தது. இதைச் சலுகை என்கிறார்கள். சாதி கொடுத்த வருமானத்தைத் திறமை என்று எழுதிவைத்திருந்ததை அல்லவா முதலில் கேட்க வேண்டும்?

நாமும் மார்தட்ட வேண்டாம். தமிழ்நாட்டில் ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர்களும் மாறுகிறார்கள். 'கட்சிக்காரர்' என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு பொருளும் பொருந்தும். சமூகநீதி என்று கேட்டால் மட்டும், "இது அரசுப் பணி அல்ல, தொழில்முறை ஒப்பந்தம்" என்ற பதில் வருகிறது. சம்பளம் மக்கள் வரிப்பணத்திலிருந்துதானே போகிறது?

இது சில நூறு பேரின் பிழைப்புப் பிரச்சினை மட்டுமல்ல. அரசுக்காக வாதாடிய அனுபவம் நீதிபதி நாற்காலிக்குப் போகும் வழிகளில் ஒன்று. 2018 முதல் 2023 ஜூலை வரை நியமிக்கப்பட்ட 604 உயர் நீதிமன்ற நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 18 பேர், பழங்குடியினர் 9 பேர், பொதுப்பிரிவினர் 458 பேர். ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது.

தமிழ்நாடு அரசும் ஒரு கணக்கைச் சொல்லட்டும். உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் மாவட்டங்களிலும் இன்று பொறுப்பில் உள்ள அரசு வழக்கறிஞர்களின் சாதிவாரிப் பட்டியலை வெளியிடட்டும்.