ஒரு பித்தளைக் காலும் ஒரு பழிச்சொல்லும்



சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை மாலை, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். மகன் பாலிடெக்னிக்கில் பயில்கிறான். தாய் பீடி சுற்றிக் குடும்பத்துக்குத் துணை நிற்பவர். அவர் இரண்டு ஆண்டுகளாகக் கட்டிவந்த சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், மகன் பாளையங்கோட்டையில் ஒரு கடையில் உதிரிப் பாகங்களை வாங்கி, வீட்டிலேயே ஒரு கணிப்பொறியைக் கோத்திருந்தான். கடையில் முழுதாக வாங்குவதைவிடச் செலவு குறையும், தானும் தொழிலைக் கற்கலாம் என்பது அவன் எண்ணம். நல்ல எண்ணந்தான். ஆயின் கணிப்பொறி நிலைத்து ஓடவில்லை.

“பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுழல்கின்றன, சாமி. மூன்று எண்ணுமுன் எல்லாம் நின்றுவிடுகின்றன. பின்னால் உள்ள சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடியும் அதே கதை” என்றான் அவன். தாய் ஒன்றும் பேசவில்லை. புகையிலைக் கறை படிந்த விரல்களால் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே நின்றார்.

குருமடத்தில் பயின்ற நாள்களில் பழுதான வானொலிப் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த பழக்கம் நமக்கு உண்டு. அந்தச் சிறு பழக்கமே அன்று நம்மைத் தவறச் செய்தது. பெட்டியைத் திறந்தும் பாராமல், “மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி பழுது. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

மறுநாள் அவன் தகப்பனார் கடைக்குச் சென்றார். வாடிக்கையாளர் பலர் நிற்க, “சாமியாரே சொல்லிவிட்டார், நீர் ஏமாற்றுக்காரர் என்று” எனச் சத்தமிட்டார். கடைக்காரர் மறுமொழி கூறவில்லை. கொண்டுவந்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் தம் சோதனைக் கருவியில் மாட்டிக் காட்டினார், குறை ஒன்றுமில்லை. இருந்தும் வேறொரு புதிய பெட்டியை இரவலாகக் கொடுத்தனுப்பினார். அதை மாட்டியும் கணிப்பொறி மூன்று நொடியில் அணைந்தது.

அப்போதுதான் நமக்கு உறைத்தது. பொருளைக் குற்றம் சொன்னோம், அது குற்றமற்றது. மனிதரைக் குற்றம் சொன்னோம், அவரும் அவ்வாறே.

திங்கட்கிழமை மாலை மாணவனைக் கணிப்பொறியுடன் வரச் சொன்னோம். இம்முறை நம் பக்கத்து உழவர்களிடம் கற்ற ஒரு முறையைக் கைக்கொண்டோம். தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களின் கடைமடையில் தண்ணீர் வராவிட்டால், விவரமறிந்த விவசாயி என்ன செய்கிறார்? வயலில் நின்றுகொண்டு மேல்மடைக்காரரைத் திட்டுவதால் நீர் வாராது என்பதை அவர் அறிவார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு மேலே நடக்கிறார். இந்த மடையில் நீர் இருக்கிறதா, அடுத்ததில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாய்ப் பார்க்கிறார். நீர் உள்ள மடைக்கும் இல்லாத மடைக்கும் நடுவில்தான் அடைப்பு. கணிப்பொறிக்கும் வழி இதுவே.

முதலில், அணைவது என்றால் என்ன என்பதை மாணவனுக்கு விளக்கினோம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை எஸ்.எம்.பி.எஸ். பெட்டி 12, 5, 3.3 வோல்ட்டுகளாக இறக்கிக் கொடுக்கிறது. 1995-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பு முறையே இன்றும் பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகளுக்கு அடிப்படை. பொத்தானை அழுத்தியதும் பெட்டி இந்த மின்னழுத்தங்களைச் சரிபார்த்து, அரை நொடிக்குள் ‘எல்லாம் நலம்’ என்று மதர்போர்டுக்கு ஒரு குறிப்பு அனுப்பும். அதன் பிறகே பிராசஸர் வேலையைத் தொடங்கும். எங்கேனும் மின்சாரம் குறுக்கே பாய்ந்தால் பெட்டி உடனே தன்னை அடைத்துக்கொள்ளும். தீப்பற்றாமல் காக்கும் ஏற்பாடு இது. ஆகவே அணைவதை நோய் என்று கொள்ளலாகாது. நோயை அறிவிக்கும் குரல் என்றே கொள்ளவேண்டும்.

பின்னர் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, வர்ணம் பூசாத இரும்பைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிக்கொண்டு, மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்தோம். அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே அதை வைத்தோம். வன்தட்டு, கிராபிக்ஸ் கார்டு, கூடுதல் விசிறிகள் அனைத்தையும் நீக்கினோம். பிராசஸர், அதன் விசிறி, ஒரே ஒரு ரேம், இரவல் வந்த எஸ்.எம்.பி.எஸ். ஆகியவை மட்டும் மிஞ்சின. 24 முனைக் கம்பியும், பிராசஸருக்கென்று தனியே வரும் 8 முனைக் கம்பியும் இறுகப் பொருந்தியிருப்பதை உறுதி செய்துகொண்டோம். மீண்டும் மின்சாரம் கொடுத்து, பொத்தானுக்குரிய இரு முனைகளைத் திருப்புளி நுனியால் மாணவன் ஒரு கணம் தொட்டான்.

விசிறி சுழன்றது. மூன்று எண்ணினோம், பத்து எண்ணினோம், நூறு எண்ணினோம். அணையவில்லை. திரையில் எழுத்துகள் தோன்றின. அவனுடைய பழைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையே மாட்டிப் பார்த்தோம். அதிலும் நன்றாக ஓடியது. பிறகு மதர்போர்டைக் கேபினெட்டுக்குள் வைத்துத் திருகினோம். மூன்று நொடியில் அணைந்தது.

இப்போது அடைப்பு எந்த இரு மடைகளுக்கு நடுவில் என்பது தெளிவாயிற்று. மதர்போர்டு கேபினெட்டின் இரும்புத் தகட்டில் படாதிருக்க, அதன் திருகுத் துளைகளுக்கு நேரே சிறு பித்தளைக் கால்களைப் பொருத்துவார்கள். பலகையில் துளைகள் ஆறு. தகட்டில் கால்களை எண்ணினோம், ஏழு. அளவில் பெரிய பலகைக்கென்று இருந்த ஏழாவது கால், இந்தப் பலகையின் அடிப்புறத்தில் ஈயப்பற்று வைத்த முனைகளை முட்டிக்கொண்டு நின்றது. மின்சாரம் அதன் வழியே தகட்டுக்குப் பாய்ந்திருக்கிறது. குறட்டால் அதைத் திருகி எடுத்தோம். அன்று இரவு அவன் வீட்டில் கணிப்பொறி அணையாமல் ஓடியது.

வாசகர் வீடுகளிலும் இத்தகைய தொல்லை நேரலாம். எப்போது அணைகிறது என்பதை முதலில் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும். ஓரிரு நொடியில் அணைந்தால் மின்கசிவு, தளர்ந்த கம்பி, அல்லது அழுத்தியபடியே சிக்கிக்கொண்ட பொத்தான் ஆகியவற்றை ஐயுறலாம். சில நிமிடங்கள் ஓடி அணைந்தால் வெப்பம் காரணமாகலாம். பிராசஸர் மேலுள்ள குளிர்விப்பான் ஒரு மூலையில் பொருந்தாமல் தூக்கி நிற்கிறதா, அதன் அடியில் ஒட்டிவந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் இருக்கிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இக்காலத்துப் பிராசஸர்கள் பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் சூடேறினால் அணைந்துவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இதை மறத்தலாகாது. கடினமான வேலை கொடுக்கும்போது மட்டும் அணைந்தால், எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் வாட் அளவு போதாமலிருக்கலாம். நேரங்காலமின்றி அணைந்தால், சுவரிலுள்ள பிளக்கையும் எர்த் இணைப்பையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். புதுவகை டி.டி.ஆர்.5 ரேம் பொருத்தியவர்களுக்கு ஒரு சொல்: முதல் தடவை சில நிமிடம் திரை இருண்டே இருக்கலாம், தானே ஒருமுறை அணைந்து எழவும் கூடும். பதறிக் கம்பியைப் பிடுங்காதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால் எது குணப்படுத்தியது என்று அறிய இயலாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே திறக்காதீர்கள். கம்பியைக் கழற்றிய பிறகும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கக் கூடும். எறும்போ பல்லியோ உள்ளே புகுந்திருந்தாலும் தொழிலறிந்தவரிடமே கொடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையின் வெள்ளத்தில் நனைந்த கணிப்பொறிகளை இன்னும் பரணில் வைத்திருப்போரும் அவ்வாறே செய்தல் நலம். காய்ந்த சேறும் துருவும் பலகையில் இருக்க, அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டா.

கணிப்பொறியின் பழுது இவ்வாறு தீர்ந்தது. நம் பழுது மிஞ்சியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, இரவல் பெட்டியுடன் மாணவனையும் அவன் தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குச் சென்றோம். அப்போதும் நான்கைந்து பேர் நின்றிருந்தனர். அவர்கள் கேட்கும்படியாகவே, ஆராயாமல் சொன்னது நம் தவறு என்று கூறி மன்னிப்புக் கேட்டோம். தகப்பனாரும் தலை குனிந்து, “மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி” என்றார்.

கடைக்காரர் பெட்டியை வாங்கித் துடைத்து உள்ளே வைத்தார். பிறகு மாணவனைப் பார்த்து, “கால் ஒன்று கூடுதலாக இருந்ததா, தம்பி?” என்றார்.

நாம் திகைத்துப் போனோம். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டோம்.

“புதிதாகக் கோக்கிற பிள்ளைகள் செய்கிற தவறுதான், சாமி. அன்றைக்கே, கால்களை எண்ணினாயா என்று கேட்க வாயெடுத்தேன். அண்ணாச்சி பேச விடவில்லை” என்றார் அவர்.

அந்தச் சொல் இன்றும் நம் மனத்தை உறுத்துகிறது. விடை தெரிந்த ஒருவர் நம் எதிரிலேயே இருந்தார். நாம் வீசிய பழிச்சொல்தான் அவர் வாயை அடைத்தது. ஒரு கேள்வியில் தீர்ந்திருக்க வேண்டிய தொல்லைக்காக அந்தத் தாய் இரண்டு இரவுகள் உறங்கவில்லை. நேர்மையான வியாபாரி ஒருவர் ஊரார் முன்னிலையில் தலை குனிந்தார்.

வீட்டில் பொருள் பழுதாகும்போதும், பிள்ளை தேர்வில் தவறும்போதும், கணக்கில் பணம் குறையும்போதும், ‘யார் செய்தது’ என்ற கேள்வியே நம் நாவில் முந்துகிறது. அதைச் சற்றே நிறுத்தி, ‘எங்கே நின்றது’ என்று கேட்டுப் பழகுவோம். காரணம் தெரிந்தவர் நம் எதிரிலேயே இருக்கக் கூடும். அவர் பேச நாம் இடங்கொடுக்க வேண்டும்.

அந்த ஏழாவது பித்தளைக் கால் இப்போது நம் மேசைமேல், மைக்கூட்டுக்கு அருகில் இருக்கிறது. யாரேனும் குறை சொல்லிக்கொண்டு வரும்போது, வாய் திறக்குமுன் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.