தாத்தா காலத்து ஸ்ட்ரைக்கர், எட்டாயிரம் ரூபாய்

போன வாரம் ஓபி முடியப்போற நேரம். பிள்ளையார்பாளையத்துல தறி ஓட்டுற அண்ணன் ஒருத்தர் வந்தார். பல வருஷமா என்கிட்ட சுகருக்குப் பார்க்கிறவர். மாத்திரைச் சீட்டை நீட்டுவார்னு பார்த்தா, பனியன் துணியில சுத்தின கேரம் ஸ்ட்ரைக்கர் ஒண்ணை மேசை மேல வெச்சார்.

"சார், நீங்க எலும்பெல்லாம் படிச்சவங்க. இது அசல் தந்தமா, இல்ல ஏமாத்துறானான்னு பார்த்துச் சொல்லுங்க."

விலை 8,000. அட்வான்ஸ் 2,000 கொடுத்தாச்சு. ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு தெரியுதான்னு பார்த்தே அசலா போலியான்னு சொல்ற மனுஷன். அவரே இதுல தடுமாறிப் போயிருக்கார்.

கேரம் ஆடாதவங்களுக்கு ஒரு விஷயம். ஸ்னூக்கர் ஆடுறவங்க தனக்குன்னு ஒரு க்யூ தேடி அலையுற மாதிரி, இங்க ஸ்ட்ரைக்கர் கிறுக்கு. ஒருத்தருக்கு 15 கிராம் வேணும், இன்னொருத்தருக்கு கொஞ்சம் லேசா வேணும். வாங்குவாங்க, ரெண்டு மாசம் ஆடுவாங்க, இன்னொருத்தர்கிட்ட மாத்திக்குவாங்க. எனக்கும் டிராயர்ல நாலு இருக்கு (வீட்டுல சொல்லிடாதீங்க). அதுல ஒரு தப்பும் இல்லை. பிரச்சினை, இந்த "தாத்தா காலத்து தந்தம்" வியாபாரம்தான்.

லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். தந்தம்ங்கிறது யானையோட மேல்வரிசை முன்பல். நம்ம பல்லுல இருக்கிற அதே டென்டின். குறுக்கே வெட்டினா ரெண்டு பக்கமும் வளைஞ்சு போய் ஒண்ணையொண்ணு வெட்டுற கோடுகள் தெரியும், வலை பின்னின மாதிரி. எலும்புன்னா ரத்தக்குழாய் போன சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். இதுல இருந்தது கோடுகள்.

"தந்தம் மாதிரிதான் இருக்கு"ன்னேன். அவர் முகம் மலர்ந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் மீதியைச் சொன்னேன்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1986 திருத்தத்துல இந்திய யானைத் தந்த வியாபாரத்துக்குத் தடை. 1991ல ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் தடை. இன்னைக்கு விக்கிறதும் குற்றம், வாங்குறதும் குற்றம். 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரை சிறை. "சின்ன வில்லைதானே சார்"ன்னார். சட்டத்துல கிராம் கணக்கு இல்லண்ணே.

"யானை எப்பவோ செத்துப்போச்சு, இப்ப என்ன"ன்னு கேட்கிறவங்களுக்கு என் பதில் இது. அந்தக் கோடுகள் வயசைச் சொல்லாது. போன வருஷம் வெட்டின தந்தத்தையும் பழுப்பேத்தி தாத்தா பேரைச் சொல்லி வித்துடலாம். ஆசிய யானையில பெரிய தந்தம் வளர்றது ஆணுக்குத்தான், அதுவும் எல்லா ஆணுக்கும் இல்லை. கொம்பன்களைத் தேடித்தேடிச் சுட்டதுல நம்ம தென்னிந்தியக் காடுகள்ல ஆண் யானைகள் எவ்வளவு குறைஞ்சதுன்னு வீரப்பன் காலத்துச் செய்தி படிச்சவங்களுக்குத் தெரியும்.

இதுல பெரிய கூத்து என்னன்னா, அந்த ஸ்ட்ரைக்கரை வெச்சு டோர்னமென்ட்டே ஆட முடியாது. சர்வதேச விதி: எடை 15 கிராமுக்கு மேல போகக்கூடாது, விட்டம் 4.13 செ.மீ.க்கு மேல போகக்கூடாது, தந்தமும் உலோகமும் கூடவே கூடாது. 2024ல அமெரிக்காவுல மூணு தங்கம் ஜெயிச்ச நம்ம சென்னைப் பொண்ணு காசிமா, தந்தத்தை வெச்சா ஜெயிச்சாங்க?

வீட்டுல பரம்பரையா இருந்தா விக்காதீங்க, விலை பேசி குரூப்ல போட்டோவும் போடாதீங்க. வனத்துறை அலுவலகத்துல கேளுங்க.

டாக்டரா இன்னொண்ணையும் சொல்லிடறேன். போர்டுல தூவுற பவுடர் பெரும்பாலும் போரிக் ஆசிட். குழந்தை வாயில போட்டா விஷம். சமையலறையில உப்பு, சர்க்கரை பக்கத்துல அந்த டப்பாவை வைக்காதீங்க.

அண்ணன் அங்கேயே உட்கார்ந்து வித்தவருக்குப் போன் போட்டார். "பொருளை எடுத்துக்கோ, பணத்தைக் கொடு." எதிர்முனையில சத்தம். 2,000 இன்னும் வரலை. என் டிராயர்ல இருந்த நாலுல ஒண்ணை எடுத்துக் கொடுத்தேன். விரல்ல வெச்சு ரெண்டு தடவை சுண்டிப் பார்த்துட்டு, "கொஞ்சம் லேசா இருக்கே சார்"ன்னார்.