புழுவுக்கு வரப்பு இல்லை

பருத்தி விளைவிப்போரும் துணி நெய்வோரும் ஒரே குடும்பத்தினர் என்று நாம் சொல்வது வெறும் உபசார வார்த்தை அன்று. இளஞ்சிவப்புக் காய்ப்புழு துளைத்த காயில் பஞ்சு கறை படிகிறது; இழையும் வலுவிழக்கிறது. வயலில் ஏற்படும் அந்த நஷ்டம் நூலின் வழியே தறிக்கும் வந்து சேருகிறது. ஆகவே இப்புழுவை ஒடுக்கும் முறைகளைப் பற்றி நம் அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

1843இல் இந்தியப் பருத்தியில் கண்டு விவரிக்கப்பட்ட இப்புழு, கடல் கடந்து சென்று 1917இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் தென்பட்டது. அங்கு அது அழையா விருந்தாளி. பல்லாண்டுகள் மருந்து தெளித்தும் அதை அகற்ற இயலவில்லை. 1996இல் அரிஸோனா விவசாயிகள் பி.டி. பருத்தியைப் பயிரிடத் தொடங்கினர். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவைப் பெற்ற அச்செடியைத் தின்னும் புழு மடிந்துவிடும். எனினும், எங்கோ ஒரு புழு அந்த நஞ்சைத் தாங்கிப் பிழைத்து, தன்னைப் போன்றதோடு கூடிப் பெருகினால் பயிரின் சக்தி பயனற்றுப் போகும்.

இதனைத் தடுக்க 2006 முதல் அங்கு ஒரு புதுமுறை கையாளப்பட்டது. கதிர்வீச்சினால் கருவளம் குன்றச் செய்த அந்துப்பூச்சிகளை விமானங்களிலிருந்து வயல்களின் மீது தூவினர். பிழைத்த பூச்சி இவற்றோடு இணைந்தால் சந்ததி உண்டாவதில்லை. இவ்வாறு விடப்பட்ட பூச்சிகள் 1,100 கோடிக்கும் மேற்பட்டவை. செலவில் விவசாயிகளும் பங்கேற்றனர். அறுவடைக்குப்பின் செடிகளை உழுது அழிக்கும் விதியும் இருந்தது. 2018 அக்டோபரில், தன் பருத்திப் பிரதேசங்களிலிருந்து இப்புழு ஒழிந்தது என அமெரிக்க அரசு அறிவித்தது.

நம் நாட்டில் நடந்தது யாது? பி.டி. பருத்திக்கு 2002இல் அனுமதி கிடைத்தது. வயலைச் சுற்றிலும் சில வரிசைகள் சாதாரணப் பருத்தியை விதைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதில் வளரும் எளிய பூச்சிகள், நஞ்சைத் தாங்கிய பூச்சிகளோடு கலந்து, அவற்றின் சந்ததியை நஞ்சுக்கு வசப்படச் செய்யும். விதைப் பையோடு அதற்கென ஒரு சிறு பொட்டலமும் வந்தது. ஆனால் பெரும்பாலோர் அதை விதைக்கவில்லை. பயிர்க்காலத்தையும் மாதக்கணக்கில் நீட்டினர். 2010இல், குஜராத்தில் புழு அந்நஞ்சை வென்றுவிட்டதாக அறிவிப்பு வெளியாயிற்று. இரண்டு மரபணுக்கள் கொண்டு 2006இல் வந்த விதைக்கும் பின்னர் அதே கதி நேர்ந்தது.

இதற்கு விவசாயியை மட்டும் நொந்து பயனில்லை. சிறு நிலம் உடையவர், தம் வயலில் சில வரிசைகளைப் புழுவுக்கு விட்டுக்கொடுக்கத் தயங்குவது இயல்பே. அண்டை வயல்காரர் செய்யாதபோது தாம் மட்டும் ஏன் இழக்க வேண்டும் என்று அவர் கேட்பார். அக்கேள்விக்கு விடை கூறும் அமைப்பு கிராமத்தில் இல்லாமற்போனதே குறை என்பது நம் அபிப்பிராயம். தனி ஒருவருக்கு நஷ்டமாகத் தோன்றுவதை ஊர் முழுவதும் பகிர்ந்துகொண்டால் அது தாங்கக்கூடிய செலவாகும்.

ஆகவே சங்கங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. ஒரு கிராமத்தார் ஒரே பருவத்தில் விதைத்து, ஒரே காலத்தில் பயிரை முடித்து, பருத்தி மாரை நிலத்தில் நிற்கவிடாமல் அகற்றல் வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறிகளை ஊருக்குப் பொதுவாக வாங்கி வைக்கலாம். பஞ்சு அரைவை ஆலைகளில் குவியும் பருத்தியிலும் விதையிலும் தங்கும் புழுக்களையும் கவனித்தல் வேண்டும்.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. விட்ட இடத்திலிருந்து தானாகவே தலைமுறை தலைமுறையாகப் பரவும் மரபணு மாற்றங்களை விஞ்ஞானிகள் இன்று ஆராய்ச்சிக்கூடங்களில் பரிசோதித்து வருகின்றனர். வந்தேறிய எலியையும் கொசுவையும் அவற்றால் ஒடுக்கலாம் என்பது நோக்கம். கருவளம் குன்றிய பூச்சி தன்னோடு முடிந்துவிடும், இதுவோ முடியாது. ஓர் ஊரில் அந்நியமாக உள்ள உயிர் வேறோர் ஊரில் இயற்கையின் அங்கமாக இருக்கும். அத்தகைய கருவியை ஒரு வியாபாரியோ ஓர் அதிகாரியோ தனித்து முடிவு செய்து அவிழ்த்துவிடுதல் தகாது. பயிரிடுவோரின் சங்கங்களைக் கலந்தே முடிவு செய்தல் வேண்டும்.

விஞ்ஞானம் தரும் கருவியை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. அதைக் கூடி ஆளும் ஒழுங்கை முதலில் உண்டாக்கிக்கொள்வோம். வரும் விதைப்புக்கு முன் ஒவ்வொரு சங்கமும் இதற்கென ஒரு கூட்டம் கூட்டி முடிவு செய்யுமாறு வேண்டுகிறோம்.